காலில் படரும் மெல்லிய நரம்புக் கோடுகள்: எதைப் பார்க்க வேண்டும், எப்படிச் சரிசெய்வது

தொடையின் வெளிப்பக்கம், முழங்காலின் பின்மடிப்பு, கணுக்காலின் உட்பக்கம். சிவப்பும் ஊதாவுமாகக் கிளை விட்டு ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் தென்படும். ஸ்பைடர் வெயின் என்றும் சிலந்தி நரம்பு என்றும் சொல்வார்கள். தோலின் மேலடுக்கை ஒட்டி ஓடும் மிகச் சிறிய சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) விரிந்து கண்ணுக்குத் தெரிவதுதான் இது. அகலம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைவிடச் சற்று ஆழத்தில் 1 முதல் 3 மி.மீ. அகலத்தில் நீலமும் பச்சையுமாகத் தெரிபவை வலைச்சிரைகள். 3 மி.மீ.க்கு மேல் புடைத்து நெளிந்து நின்றால் அது வெரிகோஸ் வெயின். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மெல்லிய கோடுகளால் உயிருக்கோ காலுக்கோ ஆபத்து இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதும் சரியான முடிவுதான். சிகிச்சை செய்துகொள்வதென்றால் ஒழுங்காகச் செய்துகொள்ள வேண்டும். நம் மாநிறத் தோலில் அவசர வைத்தியம் விட்டுச்செல்லும் பழுப்புக் கறை, முன்பிருந்த கோட்டைவிட எடுப்பாகத் தெரியும். இதில் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் ஒன்றுதான்: மேலே தெரியும் கோட்டுக்கு ஊசி போடுகிறார்கள், அதற்கு ரத்தம் அனுப்பும் சிரையைத் தேடுவதில்லை. கோரைப்புல்லை மேலாகக் கிள்ளினால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்ப்பது போல, அடியில் உள்ள சிரையை விட்டுவிட்டால் அதே இடத்தில் சில மாதங்களில் புதுக் கோடு முளைக்கும்.

முதலில் உங்கள் காலை நீங்களே பாருங்கள்

சாயங்காலம், வெளிச்சம் மங்குவதற்கு முன், ஜன்னல் பக்கம் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பாருங்கள். படுத்தபடி பார்த்தால் சிரைகள் வடிந்து பாதி மறைந்துவிடும். பின்பக்கத்துக்கு வீட்டில் யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். சிகிச்சைக்குப் பிறகு அதே இடம், அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் பலன் தெரியும். ஞாபகத்தை நம்ப முடியாது.

அடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பகுதியைக் கோட்டின் மேல் வைத்து அழுத்துங்கள். கோடு வெளுத்து, எடுத்ததும் மறுபடி நிறைந்தால் அது சிரை. அழுத்தியும் நிறம் மாறாமல் சிவப்புப் புள்ளிகளாகவே நின்றால், தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தத் தட்டணுக் குறைவு முதல் தோல்நோய் வரை அதற்குப் பல காரணங்கள் உண்டு. அதற்கு நரம்பு ஊசி வைத்தியம் இல்லை. பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் பல விஷயங்களைச் சொல்லும். வெளித்தொடையில் விசிறியாகப் பிரிந்திருந்தால், அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு பச்சைநீல வலைச்சிரை ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடும். அதுதான் கோட்டுக்கு ரத்தம் தருவது. உட்கணுக்காலுக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில் நெருக்கமாக நீலமும் சிவப்புமாக விசிறி படர்ந்திருந்தால் அதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கக் கூடாது. காலின் பெரிய சிரைகளில், ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வு பழுதாகி அழுத்தம் கூடியிருப்பதன் அறிகுறி அது. சிரை நோய்களைத் தரம் பிரிக்கும் உலகளாவிய முறையில் மெல்லிய கோடுகளுக்கு முதல் படிதான். இந்தக் கணுக்கால் விசிறியை 2020-ல் வெளியான திருத்தத்தில் நான்காம் படிக்கே ஏற்றிவிட்டார்கள். புண் ஆறிய கால் ஐந்தாம் படி, ஆறாத புண் ஆறாம் படி.

எந்த க்ரீம் பூசுகிறீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். அரிப்புக்கோ நிறத்துக்கோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அந்த இடத்தில் சிவப்புக் கோடுகள் தெரியத் தொடங்கும். டியூபின் பின்னால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தோல் மருத்துவர் சொல்படி நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

கால்மேல் கால் போட்டு உட்காருவதால் இது வருவதில்லை. குடும்பவாகு, பெண் ஹார்மோன்கள், கர்ப்பம், உடல் எடை, மணிக்கணக்கில் நிற்கும் வேலை, பழைய அடி ஆகியவைதான் காரணங்கள். கர்ப்ப காலத்தில் வந்தவை பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாமாகவே பெரிதும் மங்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எப்போது ஸ்கேன் கட்டாயம்

புடைத்த சிரை, சாயங்காலம் கணுக்கால் வீக்கம், கால் கனப்பு, உட்கணுக்காலில் தோல் கறுத்தல் அல்லது அரிப்பு, ஆறிய புண்ணின் தழும்பு, கணுக்கால் விசிறி, ஒரு காலில் மட்டும் திடீரெனப் பெருகிய கோடுகள். இவற்றில் எது இருந்தாலும் சிரைகளில் ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் அது ஆழ்சிரையில், அதாவது தசைக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில், ரத்தக் கட்டாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது நின்றுகொண்டிருக்க வேண்டும். படுக்க வைத்து மட்டும் எடுத்தால் ரத்தக் கட்டு இருக்கிறதா என்பது தெரியும், ஆனால் வால்வுக் கசிவு பாதி தெரியாமல் போகும். கெண்டைக்காலை அமுக்கிவிடும்போது ரத்தம் மேலே ஏறும். விட்டதும் எவ்வளவு நேரம் கீழே திரும்பி ஓடுகிறது என்று அளப்பார்கள். தோலை ஒட்டிய சிரைகளில் அரை விநாடிக்கு மேல், தொடை மற்றும் முழங்காலின் ஆழ்சிரைகளில் ஒரு விநாடிக்கு மேல் திரும்பி ஓடினால் வால்வு பழுது. ரிப்போர்ட்டில் கவட்டியில் உள்ள இணைப்பு, முழங்கால் பின்னுள்ள இணைப்பு, காலின் உட்பக்கம் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை, கெண்டையின் பின்னால் ஓடும் சிறிய சஃபீனஸ் சிரை, மேல்சிரைகளை ஆழ்சிரைகளோடு இணைக்கும் பெர்ஃபரேட்டர்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். வெறுமனே 'டாப்ளர் நார்மல்' என்று ஒரு வரி இருந்தால் போதாது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெரிய சிரையில் கசிவு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். பிறகு வலைச்சிரை, கடைசியில்தான் மெல்லிய கோடு. இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், கறையும் மிஞ்சும். இதற்கு ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. கசிவு இல்லாத வெறும் கோடுகளுக்கு, இந்த வேலையில் கை பழகிய தோல் மருத்துவரும் போதும். அழகு நிலையத்தில் யாராவது ஊசி எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி சிகிச்சை

கால் கோடுகளுக்கு முதல் தேர்வு இன்றும் ஸ்கிளிரோதெரபிதான். சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கும் மருந்தை மிக நுண்ணிய ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். சுவர்கள் ஒட்டிக்கொண்டு சிரை சுருங்கும். பிறகு உடலே அதை மெல்ல அரித்து எடுத்துவிடும். அந்தச் சிரை போவதால் கால் ரத்த ஓட்டத்துக்கு ஒரு குறையும் வராது.

பாலிடோக்கனால் என்ற மருந்து பரவலாகப் பயன்படுகிறது. மரத்துப்போக வைக்கும் ஊசியாகத் தொடங்கிய மருந்து என்பதால் எரிச்சல் குறைவு. மெல்லிய கோடுகளுக்கு 0.25 முதல் 0.5 சதவீதம், வலைச்சிரைக்கு 0.5 முதல் 1 சதவீதம். கறை படியும் வாகுள்ள தோலுக்கு 0.25-ல் தொடங்குவது நல்லது. ஒரு குத்தலுக்கு 0.1 முதல் 0.3 மி.லி. மட்டும். உச்ச வரம்பு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மி.கி., அதாவது 0.5 சதவீத மருந்தில் 24 மி.லி. நடைமுறையில் ஒரு அமர்வுக்கு 10 மி.லி.யைத் தாண்டத் தேவையிருக்காது.

இன்னொன்று சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட். இது 3 சதவீத மருந்தாகவும் கிடைக்கிறது. மெல்லிய கோட்டுக்கு 0.1 முதல் 0.3 சதவீதம்தான் வேண்டும். 0.2 ஆக்க ஒரு பங்கு மருந்தோடு 14 பங்கு சலைன் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் தோல் வெந்து புண்ணாகும். அதனால், 'டாக்டர், என்ன மருந்து, எத்தனை சதவீதம்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அடர்ந்த உப்புக்கரைசல் போடுகிறேன் என்று சொன்னால், அது சிரைக்கு வெளியே கசிந்தால் கடுமையாக வலிக்கும், புண்ணும் ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிப் போடுவது பெரிய சிரைகளுக்கு நல்ல முறை. சிவப்பு நூல் கோடுகளுக்கு நுரை வேண்டியதில்லை, கறைதான் கூடும்.

கர்ப்பிணிகள், ஆழ்சிரையில் ரத்தக் கட்டு உள்ளவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களான தமனிகளில் ஓட்டம் மோசமாக உள்ளவர்கள், அந்த மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் தள்ளிப்போடலாம், அவசரமே இல்லை. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். குறிப்பாகக் கருத்தடை மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, முகப்பருவுக்குச் சாப்பிடும் மினோசைக்ளின். பின்னிரண்டும் கறைக்குத் துணைபோகக் கூடியவை. இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒற்றைத் தலைவலியில் கண்முன் மின்னல் தெரியும் வழக்கம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசிக்குப் பின் அது கிளம்பலாம்.

ஊசி அன்று காலில் எண்ணெயோ லோஷனோ வேண்டாம். முதல் நாள் ஷேவ் செய்யவும் வேண்டாம். லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கொலுசையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள், ஏனென்று காலுறைப் பகுதியில் தெரியும். மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து, 30 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியைச் சற்றே வளைத்து, தோலுக்குக் கிட்டத்தட்ட இணையாக நுழைப்பார். மருந்து இறங்கும்போது கோடு கண்ணெதிரே அழிந்து வெளுக்கும். மெதுவாகத் தள்ளுவதுதான் கைத்திறன். வேகமாகத் தள்ளினால் சிரை வெடித்து மருந்து தோலுக்குள் பரவும். ஊசி முனையில் தோல் வெள்ளைக் கொப்புளமாக எழும்பினால் மருந்து வெளியே போகிறது, அந்த நொடியே நிறுத்த வேண்டும். எரிச்சல் அதிகமானால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லுங்கள். அடிச்சிரையை முதலில் குத்தி, அதன் வழியே நிரம்பாமல் மிஞ்சும் கோடுகளை மட்டும் தனியே குத்துபவர் வேலை தெரிந்தவர்.

போட்ட இடங்கள் கொசுக்கடி போலத் தடித்து அரிக்கும், ஒரு மணி நேரத்தில் அடங்கும். காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு உடனே 15 முதல் 20 நிமிடம் நடங்கள். ஆழ்சிரைக்குள் சென்ற மருந்தை அந்த நடை கழுவிவிடும். பிறகும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருங்கள். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை அந்த நேரத்தில்தான் வெளிப்படும்.

வீட்டுக்கு வந்த பின்

முதல் ஒன்றிரண்டு நாள் மருத்துவர் சொன்னபடி இரவிலும் காலுறை, பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் பகலில் மட்டும். தினமும் நடங்கள். இரண்டு வாரம் ஜிம்மில் பளு தூக்குதல், ஓட்டம், வெந்நீர்த் தொட்டி, காலுக்கு வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் மசாஜ் எதுவும் வேண்டாம். சூடு பட்டால் சிரை விரியும். குளிக்க வெதுவெதுப்பான நீர் போதும். வெயில் படும் காலுக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அல்லது பாவாடை, பேன்ட் என்று மூடிக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்கு நெடுந்தூர விமானப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

முதல் இரண்டு வாரம் கால் முன்பைவிட மோசமாகத் தெரியும். கன்றிப்போய், கோடு கறுத்து, 'ஏன்தான் செய்தோம்' என்றிருக்கும். எட்டு வாரம் ஆகாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். மெல்லிய கோடுகள் மங்க ஆறு வாரம் வரை ஆகும், வலைச்சிரைகளுக்கு மூன்று நான்கு மாதம். ஒரே அமர்வில் எல்லாம் போய்விடாது. இரண்டு முதல் நான்கு அமர்வு, நான்கு முதல் எட்டு வார இடைவெளியில். இடைவெளியைச் சுருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

என்னென்ன தவறாகப் போகும்

கறைதான் அதிகம் வருவது. மூடிய சிரைக்குள் தேங்கிய ரத்தத்தின் இரும்பு தோலில் படிந்து, கோடு இருந்த தடத்திலேயே பழுப்பு வரியாக நிற்கும். மருந்து வீரியம் கூடினாலும் அடிச்சிரையின் அழுத்தம் குறையாவிட்டாலும் அதிகமாகும். பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாக மங்கும். வெளுப்பு க்ரீம்கள் பயன் தராது, ஏனெனில் படிந்திருப்பது இரும்பு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் இல்லை. தடுக்க ஒரு வழி உண்டு, நம் ஊரில் பலர் கேட்காமல் விடுவது: இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி காட்டுங்கள். தொட்டால் கட்டியாக, வலியோடு கறுத்திருக்கும் இடத்தை ஊசியால் சிறிதாகக் குத்தி அழுத்தினால், கட்டிய ரத்தம் கருஞ்சிவப்புக் கூழாக வெளியே வரும். வலி அன்றைக்கே குறையும், கறையும் குறையும்.

இரண்டாவது, ஊசி போட்ட இடத்தைச் சுற்றி இன்னும் மெல்லிய செந்நிறக் கோடுகள் கம்பளம் விரித்தாற்போல் கிளம்புவது. ஹார்மோன் மாத்திரை, உடல் எடை, அடைக்காமல் விட்ட அடிச்சிரை ஆகியவை இதைக் கூட்டும். உடனே மறுபடி குத்தக் கூடாது. பல மாதங்களில் பெரும்பாலானவை தாமாக மறையும். மறையாவிட்டால் அடிச்சிரையைத் தேட வேண்டும்.

புண் அரிது. மருந்து நுண்தமனிக்குள் போனால் தோல் திட்டாக வெளுத்து, ஒன்றிரண்டு நாளில் கறுத்து, பிறகு குழியாகும். ஊசிக்குப் பின் தோல் வெளுத்தபடியே இருந்தாலோ கொப்புளம் கிளம்பினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாரக்கணக்கில் கட்டுப் போட வேண்டியிருக்கும், தழும்பு மிஞ்சும்.

லேசர் யாருக்கு

ஊசி நுழையாத அளவுக்கு மெல்லிய சிவப்புக் கோடு, ஊசி பயம், மருந்து ஒவ்வாமை, ஊசிக்குப் பின் கிளம்பிய கம்பளக் கோடுகள். இவற்றுக்கு லேசர் பொருந்தும். நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் லாங் பல்ஸ் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது. இந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். 532 நானோமீட்டர் லேசரும் ஐ.பி.எல். ஒளிச் சிகிச்சையும் வெள்ளைத் தோலுக்கு உகந்தவை, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சுட்டுவிடும் அபாயம் அதிகம். முடி நீக்கும் ஐ.பி.எல். மெஷினிலேயே நரம்பையும் எடுத்துவிடலாம் என்று பார்லரில் சொன்னால் நம்பாதீர்கள். எந்த லேசராக இருந்தாலும் மறைவான ஒரு இடத்தில் சில சுடுகளைச் சோதித்துவிட்டு, ஆறு வாரம் பொறுத்துப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். வெயிலில் கறுத்திருக்கும் மாதங்களில் வேண்டாம். லேசர் ஊசியைவிட வலிக்கும், தோலைக் குளிரூட்டியபடியே சுட வேண்டும்.

காலுறை

வந்த கோட்டைக் காலுறை அழிக்காது. கனப்பையும் வீக்கத்தையும் குறைக்கும், சிகிச்சைக்குப் பின் சிரை ஒட்டிக்கொள்ள உதவும். கிளாஸ் 1 என்றால் கணுக்காலில் 18 முதல் 21 மி.மீ. மெர்குரி அழுத்தம், கிளாஸ் 2 என்றால் 23 முதல் 32. தினசரி நின்று வேலை செய்பவர்களுக்கு முழங்கால் அளவு கிளாஸ் 1 போதும். கிளாஸ் 2 மருத்துவர் சொன்னால் மட்டும்.

காலையில் வீக்கம் ஏறும் முன் அளவெடுங்கள்: கணுக்காலின் மிகக் குறுகிய சுற்றளவு, கெண்டையின் மிக அகன்ற சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். எஸ், எம், எல் என்று கண்ணளவில் வாங்கினால் கணுக்காலில் தொளதொளத்து முழங்காலில் இறுக்கும். அப்படி மேலே சுருண்டு இறுக்குவது கயிறு கட்டியதற்குச் சமம், ரத்தம் கீழேயே தேங்கும். படுக்கையை விட்டு எழும் முன் போடுங்கள். உட்புறத்தைக் குதிகால் வரை வெளியே புரட்டி, பாதத்தை நுழைத்து, குதிகாலை அதன் இடத்தில் பொருத்திய பிறகு உள்ளங்கையால் தடவித் தடவி மேலே ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் வேலை பாதியாகும். மெட்டியும் கொலுசும் நூலில் மாட்டி இழுத்துவிடும். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் விரல் திறந்த காலுறையாக வாங்குங்கள், மே மாத வெக்கைக்கும் அதுவே தோது. மிதமான சோப்பில் கையால் கசக்கி நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்தில் அழுத்தம் தளர்ந்துவிடும், புதிது வாங்குங்கள்.

சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் காலுறைக்கு முன் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் அளவு 0.8-க்குக் கீழ் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் அணியாதீர்கள். சர்க்கரை நோயில் தமனி கெட்டிப்பட்டு இந்த அளவு பொய்யாக உயர்ந்தும் காட்டலாம்.

நிற்கும் வேலையில் இருப்பவர்களுக்கு

கெண்டைச் சதைதான் கால் ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். அசையாமல் நின்றால் அது ஓடாது. ஜவுளிக்கடை விற்பனையாளர், நர்ஸ், ஆசிரியர், அடுப்புச் சூட்டையும் சேர்த்து வாங்கும் பரோட்டா மாஸ்டர் என எல்லோரும், அரை மணிக்கு ஒருமுறை நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குவதை 20 முறை செய்யுங்கள். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தத்தின்படி, பணியாளர்கள் உட்கார இருக்கை தருவது முதலாளியின் கடமை. அது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி 15 நிமிடம் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். வெறும் முக்காலியில் கால் வைத்து உட்காருவது அந்தப் பலனைத் தராது.

ஆப்பிள் சைடர் வினிகர், பூண்டு எண்ணெய், வைட்டமின் கே க்ரீம் எதுவும் கோட்டை அழிக்காது. பூண்டை நசுக்கித் தோலில் கட்டினால் வெந்துபோகும். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு மறைக்க வேண்டும் என்றால் நீர் புகாத கன்சீலர் போதும்: நீலக் கோட்டுக்கு ஆரஞ்சு சாயல், சிவப்புக்குப் பச்சைச் சாயல், அதன்மேல் உங்கள் தோல் நிறம், மேலே பவுடர்.

கணுக்கால் பக்கத்தில் தோலுக்கு மேல் நீலக் குமிழாகத் துருத்தும் சிரைகளை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் சொரிந்தாலோ துண்டு உரசினாலோ கூட உடைந்து, வலியே இல்லாமல் ரத்தம் பீய்ச்சும். பதறி நிற்காதீர்கள். உடனே தரையில் படுத்து, காலைச் சுவரில் சாய்த்து நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை மட்டும் 10 முதல் 15 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். மேலே கயிறு கட்டினால் சிரை ரத்தம் இன்னும் கூடும். 15 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. நின்றுவிட்டாலும் அந்த வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, அந்தக் குமிழுக்கு ரத்தம் தரும் சிரையை அடைத்துவிட வேண்டும். ஒருமுறை உடைந்தது மறுபடியும் உடையக்கூடும்.